தைராய்டைப் போக்கிய மாத்திரை

மலர்விழி கவுன்டரில் ஒரு காலி ஸ்ட்ரிப்பை வைத்தாள்.

"இதுல மூணு டப்பா குடுங்க சார். எங்க அம்மாவுக்கு."

முடி உதிர்வதற்கு நாங்கள் விற்கும் பயோட்டின் அது. பத்து மில்லிகிராம்.

"அம்மாவுக்கு முடி கொட்டுதா?"

"கொட்றதுக்கு முடி எங்க சார் இருக்குது? தைராய்டு. இது சாப்ட்டா தைராய்டு போயிடுமாமே."

"யாரு சொன்னது?"

"பானுப்ரியா. எதிர்ல துணிக்கடையில எங்களோட வேலை பார்த்துச்சே, கல்யாணமாகி திருவாமாத்தூர் போச்சே, அதுதான். நாலு வருஷத் தைராய்டு சார் அதுக்கு. நீங்க குடுத்த மாத்திரைல சுத்தமா போயிடுச்சாம். டாக்டரம்மாவே தைராய்டு மாத்திரைய நிறுத்திட்டாங்களாம். இவ்ளோ பெரிய மருந்த வச்சிக்கினு முடிக்குன்னு வித்துக்கினு இருக்கீங்களே."

அந்த வாரத்தில் இப்படிக் கேட்டு வந்த மூன்றாவது ஆள் அவள். முதல் இரண்டு பேரிடமும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுக் கேட்டதைக் கொடுத்து அனுப்பினேன். யார் சொல்லி வந்தார்கள் என்று கேட்கவில்லை.

"பானுப்ரியா இப்ப எப்படி இருக்காங்க?"

"அதுக்கென்ன, அஞ்சு மாசம்" என்றாள் மலர்விழி.

எடுத்த டப்பாக்களைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

கல்லூரியில் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்ததே தைராய்டு ரத்தச் சோதனைதான். ரத்தத்தில் ஹார்மோனை அளக்கும் இயந்திரங்களில் பல, பயோட்டினைக் கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பியிருந்தால் கொக்கி மாட்ட வேண்டிய இடம் அடைபட்டுப்போகும். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் குறைவாகக் காட்டும். தைராய்டு சுரக்கும் டி4 அதிகமாகக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் எந்த டாக்டரும் தைராய்டு அளவுக்கு மீறி இருக்கிறது என்றுதான் நினைப்பார். மாத்திரையை நிறுத்துவார். பானுப்ரியாவின் தைராய்டு எங்கும் போகவில்லை. போனது அவளுடைய மருந்து. ஐந்து மாதக் கர்ப்பம். குழந்தையின் மூளை அம்மாவின் தைராய்டை நம்பித்தான் வளர்கிறது.

அந்தத் தேர்வில் இருபதுக்குப் பதினெட்டு வாங்கினேன். மூன்று வருடமாக இந்த மாத்திரையை விற்கிறேன். இரண்டும் ஒருநாளும் சேர்ந்து நினைவுக்கு வந்ததில்லை.

"அம்மாவோட தைராய்டு மாத்திரைய நிறுத்திடாதீங்க" என்றேன். "இது அதுக்கு இல்ல. டெஸ்ட்டைக் கெடுத்துடும்."

"ஸ்டாக் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க சார்."

"ஸ்டாக் இருக்கு. உங்களுக்குத் தர மாட்டேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கடை. பலகையில் ஆங்கிலத்தில் ஏதோ நீளமாக எழுதியிருக்கும். ஊர் சத்துக்கடை என்கிறது. செரிமான மண்டலம், நரம்பு மண்டலம், எலும்பு, தசை என்று அலமாரிகளைப் பிரித்து ஒட்டியிருக்கிறோம். வருகிறவர்களுக்கு மண்டலம் தெரியாது. உடம்பு சூடு என்பார்கள். கை கால் ஓயுது, வாயு பிடிச்சிக்கினு இருக்குது என்பார்கள். அதைக் கேட்டு எந்த அலமாரி என்று முடிவு செய்வது என் வேலை. எடுத்துக் கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒன்று சொல்வேன். இது மருந்து இல்லீங்க, சத்து. பயந்து நிற்பவர்கள் அதைக் கேட்டதும் வாங்கிவிடுவார்கள். பானுப்ரியாவிடமும் சொன்னேன். குழந்தை உண்டானபோது போனில் கேட்டாள், சாப்பிடலாமா என்று. சத்துதானே, சாப்பிடுங்க என்றேன்.

டாக்டர் கேட்டிருப்பார், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று. அவள் ஒன்றுமில்லை என்றிருப்பாள். அவள் பொய் சொல்லவில்லை.

பில் போடும் கணினியில் அவளுடைய எண்ணைத் தேடினேன். அவளுக்குத் தனிப் போன் இல்லை; இருந்தது அவள் கணவன் வல்லரசுவின் எண். சென்னையில் வேலை. சனிக்கிழமை ஊருக்குப் போகும் வழியில் திண்டிவனத்தில் இறங்கி அவன்தான் மாத்திரை வாங்கிப் போவான். அழைத்தேன். கடைப் பெயரைச் சொன்னதும், "ஆஃபர்லாம் வேணாங்க, டூட்டில இருக்கேன்" என்று வைத்துவிட்டான். திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. நான்காவது முறை அழைப்பே போகவில்லை, என் எண்ணைத் தடுத்துவிட்டிருந்தான்.

மணி பன்னிரண்டு. உட்கார்ந்தேன். எழுந்தேன். அலமாரிகளுக்கு நடுவில் இரண்டு முறை நடந்தேன்.

முதலாளி சுப்பராயலு வந்ததும் சொன்னேன். அவர் பாதியைத்தான் கேட்டார்.

"தைராய்டுக்கா கேக்கறாங்க? எத்தினி பேரு? நான் இன்னைக்கே சென்னைக்கு ஆர்டர் சொல்லிடறேன்."

"அண்ணே, அது தைராய்டைப் போக்காது. டெஸ்ட்டைத் தப்பாக் காட்டுது."

"கம்பெனிக்காரன் சொன்னானா?"

"நான் சொல்றேன்."

"வித்தப்பவும் நீதான சொன்ன."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, போ. போய் முடி மாத்திரைய நிறுத்தச் சொல்லு. ஏன்னு சொல்லாத. பேட்ச் மாறிடுச்சு, வேற தர்றோம்னு சொல்லு. வாயத் தொறந்து ஒளறினா உன் பேரு போவாது, கடை பேருதான் போவும். பேஜாரு பண்ணாம ஜல்தியா போயிட்டு வா."

விழுப்புரம் பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி வருவதற்குள் மூன்று இடம் மாறி உட்கார்ந்தேன். கண்டக்டர் கேட்டார், மூட்டைப் பூச்சியா என்று.

நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். அங்கேயே வேலை கிடைக்கும். இப்போதும் திண்டிவனத்தை விடாமல் இருப்பது போக ஒரு மணி, வர ஒரு மணி என்பதால். வீட்டில் அந்த இரண்டு மணி நேரம் குறையும். என் மனைவி கலைப்பிரியா போன வருடம் ஆடி மாதம் இறந்தாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் தலை வலிக்குது என்று உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு மணி நேரம் உயிரோடு இருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம். அதற்குப் பிறகு நான் பதினாறாம் நாள் வேலைக்குப் போனேன். எல்லோரிடமும் அதே குரலில் பேசினேன். விற்பனை குறையவில்லை.

பேட்ச் மாறிவிட்டது என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். முடி மாத்திரை நிற்கும். தைராய்டு மாத்திரை திரும்ப வராது. அடுத்த சோதனை எப்போது என்று தெரியாது. அதுவரை குழந்தை காத்திருக்காது. அந்தப் பொய் எனக்குத்தான் உதவும், அவளுக்கு உதவாது.

விழுப்புரத்திலிருந்து ஷேர் ஆட்டோ. திருவாமாத்தூரில் கோயில் தாண்டி இரண்டாவது தெரு, பச்சை கேட் என்று மலர்விழியிடம் போன் போட்டுக் கேட்டிருந்தேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"திண்டிவனம் சத்துக்கடையிலேருந்து வர்றேங்க. ஆனந்தராஜ்."

அவர் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். வல்லரசுவின் அம்மா, சின்னபொண்ணு. முகம் மலர்ந்துவிட்டது.

"பானு, யாரு வந்திருக்காருன்னு பாரு. உன் டாக்டரு." என்னிடம் திரும்பி, "வாங்க தம்பி, உள்ள வாங்க. நாங்களே வந்து பாக்கணும்னு இருந்தோம்" என்றார்.

மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாய் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"நிச்சயம் பண்ணப்ப ஒரு வார்த்தை சொல்லல தம்பி. தாலி ஏறி பத்து நாள் கழிச்சு பாத்தா ஒளிச்சு ஒளிச்சு எதையோ முழுங்கிக்கினு இருக்குது. கேட்டா தைராய்டாம். ஆயுசுக்கும் மாத்திரையாம். எனக்கு எப்டி இருந்திருக்கும்? நானும் பேசிட்டேன், பேசாம இல்ல. தெருவுல மாத்திரைக்காரின்னே பேரு வச்சிட்டாளுங்க. இப்ப அதே பொம்பளைங்க வந்து இதுகிட்ட மருந்து பேரு கேட்டுக்கினு போறாளுங்க. எல்லாம் உங்களாலதான்."

பானுப்ரியா வந்தாள். மெதுவாக வந்தாள். துணிக்கடையில் இருந்தபோது மூன்று மாடி ஏறி இறங்குகிற பெண். ஆகஸ்ட் மாத வெயிலில் தோளில் துண்டைப் போர்த்தியிருந்தாள். முகம் ஊதியிருந்தது. கண்ணுக்குக் கீழே உப்பல்.

"வாங்க சார்" என்றாள். குரல் கரகரத்திருந்தது. மாமியாரிடம், "ஃபேன நிறுத்துங்க அத்தை, குளுருது" என்றாள்.

எனக்கு ரிப்போர்ட் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. இருந்தாலும் கேட்டேன். இரண்டு ரிப்போர்ட், ஆறு வார இடைவெளியில். இரண்டிலும் டிஎஸ்எச் தரையில் கிடந்தது. டி4 மேலே போயிருந்தது. படித்தால் தைராய்டு கொதிக்கும் உடம்பு. எதிரே உட்கார்ந்திருந்தது குளிரில் நடுங்கும் உடம்பு.

"தைராய்டு மாத்திரை நிறுத்தி எத்தனை நாள் ஆச்சு?"

"ஏழு வாரம் சார்."

"முடி மாத்திரை?"

"அத நிறுத்தல. அதனாலதான சரியாச்சு. ஆனா முடிதான் முன்னைக்கு இப்ப அதிகமா கொட்டுது. ரெண்டு வேளை போட்டுக்கலாமா?"

டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினேன். கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"உங்களுக்குத் தைராய்டு போகல" என்றேன். "டெஸ்ட் தப்பு. அந்த மாத்திரை டெஸ்ட்டைத் தப்பாக் காட்ட வச்சிருக்கு. நீங்க இன்னைக்கே டாக்டரைப் பாக்கணும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னபொண்ணுதான் பேசினார்.

"மிஷினு சொன்னது பொய், டாக்டரம்மா சொன்னது பொய், நீங்க சொல்றது மட்டும் நெசமா?"

கொக்கியைப் பற்றிச் சொன்னேன். புரியவில்லை. திரும்பச் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி போய்க்கொண்டிருந்தது.

"நீங்க மல்லாட்டை போடறீங்களா?" என்று கடலைச் சாகுபடியைக் கேட்டேன்.

"ரெண்டு ஏக்கரு."

"மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை எடுத்துக்கினு போறீங்க. தராசுல வைக்கிறீங்க. உங்க மூட்டையோட சேத்து எவனோ ஒரு ஆள் தராசுல கால வச்சிக்கினு நிக்கறான். எடை என்ன காட்டும்?"

"அதிகம் காட்டும்."

"மூட்டையில மல்லாட்டை ஏறிடுச்சா?"

அவர் பானுப்ரியாவின் ஊதிய முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"கால வச்சது யாரு?"

"நான்தாங்க."

பானுப்ரியா தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தாள், இல்லை என்பதுபோல. "அதெல்லாம் இல்ல அத்தை. களைப்பா இருக்கறது மாசமா இருக்கறதாலதான். எல்லாருக்கும் இருக்கறதுதான். எனக்குச் சரியாயிடுச்சு." அவள் என்னிடம் பேசவில்லை. மாமியாரிடம்தான் பேசினாள். நான்கு வருடமாக ஒளித்து விழுங்கியது ஏழு வாரம்தான் நின்றிருந்தது. அதைத் திரும்ப எடுக்கச் சொல்ல நான் வந்திருக்கிறேன்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்க வீட்லயும் இதத்தான சாப்பிடறாங்க? நீங்கதான சொன்னீங்க. என் சம்சாரம் தெனமும் போடறாங்க, முடி இடுப்புக்குக் கீழ இருக்குன்னு. போட்டோகூட காட்டுனீங்க போன்ல. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?"

காட்டினேன். பெண்கள் யார் வந்தாலும் காட்டுவேன். கலைப்பிரியா முடியை முன்னால் போட்டுக்கொண்டு சிரிக்கும் படம். அதைப் பார்த்தால் வாங்கிவிடுவார்கள். அவள் இருந்தபோது ஆரம்பித்த பழக்கம். அவள் போன பிறகு நிறுத்தத் தோன்றவில்லை. என் வீட்டில் சாப்பிடுகிறாள் என்று சொல்லும்போது அந்தக் கவுன்டரில் மட்டும் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதை நான் யோசித்ததில்லை.

"நீங்க எப்ப வந்து வாங்குனீங்க?"

"கார்த்திகை மாசம். கல்யாணத்துக்கு முன்னாடி."

"அவங்க அந்த ஆடியிலயே இறந்துட்டாங்க."

மின்விசிறி நின்றிருந்ததால் வீட்டில் சத்தமே இல்லை.

"நான் உங்ககிட்ட சொன்னப்போ அவங்க செத்து நாலு மாசம். மாத்திரையால இல்ல, அது வேற. மூளையில ரத்தம். ஆனா சாப்பிடறாங்கன்னு சொன்னது பொய். மருந்து இல்லன்னு சொன்னதும் தப்பு. மாசமா இருக்கறப்போ சாப்பிடலாம்னு சொன்னது பெரிய தப்பு. இப்ப சொல்றது மட்டும்தான் நெசம். அத எப்படி நம்ப வைக்கறதுன்னு எனக்குத் தெரியல."

சின்னபொண்ணு எழுந்து வந்தார்.

"செத்தவள காட்டியா வித்த?"

"ஆமாங்க."

அவர் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். பாதி மோர் இருந்தது. உள்ளே போய் அதைக் கொட்டும் சத்தம் கேட்டது.

பானுப்ரியா துண்டை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டாள்.

"அப்ப எனக்கு இன்னும் இருக்குதா?"

"இருக்குது."

"புள்ளைக்கு?"

"தெரியல. ஒவ்வொரு நாளும் முக்கியம். அதான் ஓடி வந்தேன்."

அவள் அழவில்லை. உள்ளே பார்த்தாள், மாமியார் வருகிறாரா என்று. சின்னபொண்ணு வாசல்படியில் வந்து நின்றார். யாரையும் பார்க்காமல் முறத்தில் இருந்த கீரையைப் பார்த்தார்.

"புடவைய மாத்து" என்றார். "அந்த மாத்திரை டப்பாவ எடுத்துக்க. பழைய தைராய்டு சீட்டையும் எடுத்துக்க. இவனும் வரட்டும். டாக்டரம்மா முன்னாடி இவன் வாயாலயே சொல்லட்டும்."

'வாங்க தம்பி' இப்போது 'இவன்' ஆகியிருந்தது. அதுதான் சரியாக இருந்தது.

ஆட்டோவில் நான் முன்னால், டிரைவர் பக்கத்தில். பின்னால் அவர்கள் இருவரும். ரயில்வே கேட் மூடியிருந்தது. பத்து நிமிடம் நின்றது. நான் இரண்டு முறை இறங்கி ஏறினேன். டிரைவர், "நீ இறங்கிப் போயி ரயில தள்ளப் போறியா?" என்றார்.

பின்னால் பானுப்ரியா கரகரத்த குரலில் என்னவோ சொன்னாள். மாத்திரைக்காரி என்ற சொல் மட்டும் கேட்டது.

"மாத்திரைக்காரின்னா மாத்திரைக்காரி" என்றார் சின்னபொண்ணு. "நான் சுகரு மாத்திரை முழுங்கல? உங்க மாமனாரு பிரஷருக்கு முழுங்கல? எவளாவது கேட்டா என்கிட்ட அனுப்பு."

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நான் நின்றுகொண்டே சொன்னேன். மில்லிகிராம், எத்தனை மாதம், சோதனை எடுத்த அன்று காலையிலும் சாப்பிட்டாளா என்பது வரை. அவர் குறுக்கே பேசவில்லை. ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். பானுப்ரியாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், நாடி பிடித்தார், பாதத்தை அழுத்திப் பார்த்தார்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடறேன்னு கேட்டேன்" என்றார் பானுப்ரியாவிடம். "ரெண்டு தடவையும் கேட்டேன்."

"அது மாத்திரை இல்ல, சத்துன்னு..." அவள் முடிக்கவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். "என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்சி. உயிர்வேதியியல்."

அவர் சீட்டை எடுத்து எழுதினார். பழைய தைராய்டு மாத்திரை, கொஞ்சம் கூட்டி, இன்றிலிருந்தே. முடி மாத்திரை அறவே கூடாது. நான்கு நாள் கழித்து ரத்தம். அன்றே ஸ்கேன்.

"நாலு நாள் கழிச்சுதான் உண்மை தெரியும்" என்றார். "குழந்தையப் பத்தி இப்ப நான் எதுவும் சொல்ல முடியாது."

அந்த நான்கு நாளில் தைராய்டுக்கென்று வாங்கிப்போன மற்ற இரண்டு பேரையும் தேடிப் பிடித்து டப்பாக்களைத் திரும்ப வாங்கினேன். முடி மாத்திரை வாங்கிய எல்லோருக்கும் போன் செய்தேன். டெஸ்ட் எடுக்கிறதானால் டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். பாதிப் பேர் ஆஃபர் வேண்டாம் என்றார்கள். சுப்பராயலு முதல் நாள் கத்தினார். இரண்டாம் நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே அவர் தங்கைக்குப் போன் போட்டு, "அந்த முடி மாத்திரை சாப்பிட்டுக்கினு இருக்கியா?" என்று கேட்டதைக் கேட்டேன். இரவில் தூங்கவில்லை. விடிகாலை முதல் ரயிலுக்கும் முன்னாலேயே போய் நடைமேடையில் நடந்தேன்.

நான்காம் நாள் லேபுக்கு என்னை யாரும் வரச் சொல்லவில்லை. போய் நின்றேன். வல்லரசு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். என்னைப் பார்த்து இரண்டு அடி எடுத்து வைத்தான். சின்னபொண்ணு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "வுடு. இவன் வரலன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது." அவன் என் முகத்துக்கு நேராக, "போன்ல நீதானா அது?" என்றான். ஆமாம் என்றேன். அவன் தரையைப் பார்த்தான்.

மதியம் ரிசல்ட் வந்தது. டிஎஸ்எச் நாற்பத்தாறு; தைராய்டு குறையக் குறைய ஏறும் எண் அது. இருக்க வேண்டியதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். டாக்டரம்மா மாத்திரை அளவை இன்னும் கூட்டினார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சு காலியாக இருந்தது. நான் உட்காரவில்லை. பானுப்ரியாவும் சின்னபொண்ணும் உள்ளே போய் இருபத்தைந்து நிமிடம் ஆனது. வல்லரசு கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் நடைபாதையின் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்தேன். நர்ஸ் ஒருத்தி, "யாராச்சும் ஒரு எடத்துல நில்லுங்க சார்" என்றாள்.

கதவு திறந்தது. சின்னபொண்ணு மட்டும் வெளியே வந்தார். மகனிடம் சொன்னார்.

"கை கால்லாம் ஆட்டுதாம். இதயம் ஓடுதாம். வளர்த்திக்கு கொறவில்லையாம்."

"மூளை?"

"படத்துல சரியாத்தான் தெரியுதாம். பொறந்து வளந்தாத்தான் முழுசா சொல்ல முடியுமாம். பொறந்ததும் கொழந்தைக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணுமாம்."

வல்லரசு பெஞ்சில் உட்கார்ந்தான். சின்னபொண்ணு அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"நீ இன்னும் போவலியா?"

"போறேங்க."

"போ. அது வெளிய வர்றப்ப நீ இங்க நிக்காத. உன்ன பாத்தா அழுவும்."

படியிறங்கினேன். எதிரே பேருந்து நிறுத்தம். அங்கிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரி வாசல் தெரியும். தூணில் சாய்ந்து நின்றேன். அவர்கள் இன்னும் வெளியே வரவில்லை. திண்டிவனம் பேருந்து வந்து நின்றது. கண்டக்டர் ஏறுங்க என்றார். நான் அசையவில்லை. அது போனது. அடுத்ததும் வந்து போனது.